முடியாத மூன்றாம் வருகை

முனாப் கல்முனைத் தபால் கந்தோரில் முத்திரை விற்கிற கிளாக். மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். இந்தக் கிழக்குக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுடையது. ஆண்பிள்ளை ஒரு றங்குப்பெட்டியோடு போய் ஏறிக்கொள்கிறவன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் அப்படித்தான் ஏறினார்கள். ஆனால் ஏறி நாலு வருஷமாகியும் அந்த வீட்டில் ஒருவர்கூட அவனிடம் எதையும் கேட்டதில்லை என்பதுதான் முனாபுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றுக்கு மதில் கட்டினார்கள், கேட்கவில்லை. படலையைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கேட் போட்டார்கள், கேட்கவில்லை. கேட்டுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று கேட் செய்த கொல்லனிடம்கூடக் கேட்டார்கள்.

மாமனார் முகைதீன்பாவா போடியார் வயல்காரர். வாய் திறந்தால் கட்டளைதான் வரும். மாமி சல்மா உம்மா வழக்கப்படி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "சுஹறாட மாப்புளைக்கி சோறு வைங்க" என்பார். மகள் சுஹறாவின் பெயர்தான் வரும்; அவர் வாயில் முனாப் என்ற பெயர் ஒரு நாளும் வந்ததில்லை.

அதனால்தான் அவன் பிறிஜ் வாங்கினான். சூறாவளி அறுத்துப்போட்ட கம்பிகளையெல்லாம் கட்டி முடித்து கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம். கப்பலில் வந்த சாமான்கள் மட்டக்களப்புக் கடைகளில் வரிசையாக நின்றன. 1980 மே பதினேழாம் திகதி, ஒரு வெள்ளை நிறக் குளிர்ப் பெட்டியை லொறியில் ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டு தானும் பின்னால் நின்றபடி சாய்ந்தமருது வந்து சேர்ந்தான். அந்த வீட்டில் அவன் பெயருக்கு நின்ற முதல் பொருள் அதுதான்.

பெட்டி பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. உள்ளே இருந்த பாரை மீனின் செய்தி நாலாம் வளவு வரைக்கும் போயிற்று. இரண்டு நாள் கழித்து, ஒருவரும் தொடாமலே தானாக ஓடத் தொடங்கியது. பிறகு நின்றது, பிறகு ஓடியது. நோன்பு காலத்தில், வீட்டில் குளிரக் குடிக்கப் பாலுதா கலக்கி வைத்த நாளாகப் பார்த்து நின்றது.

"சுஹறாட மாப்புள கொண்டாந்த பெட்டி மௌத்தாகிட்டாம் எண்டு அவருக்கிட்டச் சொல்லு" என்றார் சல்மா உம்மா சீலைக்குப் பின்னால்.

முனாப் பயப்படவில்லை. அவனிடம் கெறண்டிக் காட் இருந்தது. அச்சடித்த எந்தக் கடதாசியையும் நம்புகிற தொழில் அவனுடையது. அதன் பதினான்கு பிரிவுகளையும் பாடமாக்கியிருந்தான். ஒரு வருஷத்துக்குள் பழுது வந்தால் புதுப் பெட்டி. ஒரேயொரு நிபந்தனை, அந்தப் பழுதைக் கம்பனியின் மெக்கானிக் தன் கண்ணால் கண்டு, கண்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து மெக்கானிக் வந்தான். பெயர் றஸாக், ஊர் ஏறாவூர். மெலிந்த, கல்யாணமாகாத பொடியன்; கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் வாசலில் கால் வைத்ததும் பெட்டி முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பின்னேரம் வரை முன்னால் குந்தியிருந்து பார்த்தான். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"நேத்து நிண்டது தம்பி. ஊரே கண்டது" என்றான் முனாப்.

"ஊர் காணலாம் காக்கா. நான் காணல்லியே. காணாத பழுதுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்க? நாளைக்கி அல்லாக்கும் பதில் சொல்லணும், கம்பனிக்கும் சொல்லணும்" என்றான் றஸாக், முனாபை அண்ணன் முறை வைத்து.

'பழுது இல்லை' என்று எழுதிவிட்டுப் போனான். அவன் ஏறிய பஸ் பெரியநீலாவணையைத் தாண்டியிருக்காது, பெட்டி நின்றுவிட்டது.

இரண்டாம் தரம் முனாப் உஷாரானான். வருகிறவன் மெக்கானிக் என்று பெட்டிக்குத் தெரியக்கூடாது. றஸாக்கைப் பின்வேலியால் வரச் சொன்னான். போடியாரின் பழைய சாறனும் தொப்பியும் உடுத்தக் கொடுத்தான். கருவிப் பையை நெல் சாக்குக்குள் போட்டான். றஸாக் நேர்மையான பையன். "சில மெசின் அப்பிடித்தான் காக்கா, ஆளப் பாக்கும்" என்று எல்லாவற்றுக்கும் உடன்பட்டு, பூனை நடை நடந்து குசினிக்குள் வந்தான். பெட்டி அவனைக் கண்டுபிடித்து ஓடத் தொடங்கியது. இரண்டாவது 'பழுது இல்லை' எழுதப்பட்டது.

இனித்தான் ஆபத்து. பதினோராம் பிரிவின்படி மூன்று வருகையிலும் பழுது காணப்படாவிட்டால் முறைப்பாடு பொய்யென்று தீர்ந்து கெறண்டி ரத்தாகிவிடும். முனாப் இரவெல்லாம் யோசித்து, தபால் கந்தோர் மூளையால் ஒரு வழி கண்டான். வருகைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: 'வந்த திகதி', 'முடிந்த திகதி'. இரண்டாவது கட்டத்தை நிரப்பாதவரைக்கும் மூன்றாம் வருகை முடியவில்லை. முடியாத வருகையில் பழுது காணப்படவில்லை என்று எவன் எழுத முடியும்?

றஸாக் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சட்டப்படி சரிதான் காக்கா. ஆனா நான் பழுதக் காணும்வரைக்கும் வந்துக்கிட்டே இரிக்கணுமே?"

"வாங்களன்."

ஜனவரியில் தொடங்கிய மூன்றாம் வருகை அப்படியே இழுபட்டது. ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் றஸாக் வந்து பெட்டிக்கு முன்னால் குந்துவான், திங்கட்கிழமை விடிய மட்டக்களப்பு போவான். அவன் இருக்கும் நாட்களில் மீன் கெடவில்லை, பால் திரியவில்லை, ஐஸ் கட்டி கட்டியாக உறைந்தது. அவன் போனதும் பெட்டி செத்தது. வீட்டார் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

முனாப் எதிர்பாராதது என்னவென்றால், பெட்டி ஓடுகிற புகழ் முழுவதும் றஸாக்குக்குப் போயிற்று. நிற்கிற பழி மட்டும் முனாபுக்கு மிஞ்சியது. "றஸாக் மகன்ட கையில பறக்கத் இரிக்கி, தொட்டது துலங்குது" என்று சீலைக்குப் பின்னால் குரல் குழைந்தது. றஸாக் மகன்! நாலு வருஷம் உண்டு உறங்கியவன் சுஹறாட மாப்புள. பழுதைக்கூடக் காணத் தெரியாத ஒருத்தன் மகனாம்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள், பாண்டிருப்பு மாட்டுக் கரத்தைக்காரர் செல்லத்தம்பி தபால் கந்தோருக்கு முத்திரை வாங்க வந்தார்.

"தம்பி, உங்கட குளிர்ப் பெட்டிய எப்ப ஏத்துற? போடியார் கலியாணத்துக்கு முதல் நாள் வரச் சொன்னவர். நிமித்தித்தானே வைக்கணும்?"

"எந்தக் கலியாணம்?"

செல்லத்தம்பி அவனை இரக்கத்தோடு பார்த்தார். கொழுந்தி றம்லாவுக்கும் மெக்கானிக்குக்கும் மே பதினேழாம் திகதி நிக்காஹ் என்றும், றம்லாவுக்குக் கட்டி முடித்த புது வீட்டுக்குப் பெட்டியும் போகிறது என்றும் முனாப் தன் சொந்த வீட்டுச் செய்தியைக் கந்தோர்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தெரிந்துகொண்டான்.

சுஹறா அழாத குறையாகச் சொன்னாள். "நான் சொல்லத்தான் இருந்தன், உம்மா பொறு எண்டா. அவரு இல்லாட்டி பெட்டி ஓடுதில்லயே, பிறகு இஞ்ச வச்சி என்ன செய்ற எண்டு கேக்கா. உங்களுக்கு ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்க."

"ஏலாதெண்டு எப்பிடிச் சொல்ற புள்ள? கொழுந்திக்கித்தானே, கொண்டு போகட்டும்" என்றான் முனாப். "என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம்." எழுந்து போனான். கெறண்டி முடிகிற நாளும் அதே மே பதினேழு என்பது கிணற்றடியில் முகம் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெட்டி கரத்தையில் ஏறி இரண்டு தெரு தாண்டிப் போய், புது வீட்டு மண்டபத்தில் நின்றது. ஓடவில்லை. சல்மா உம்மாவுக்குக் கொஞ்சமும் கவலையில்லை. மாப்பிள்ளை வந்து ஏறினால் ஓடும். அந்தத் தைரியத்தில் அண்டா அண்டாவாகச் சர்பத் கலக்கி வைத்தார்கள். மறுநாள் முற்பகல் ஏறாவூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாலையும் தலைப்பாகையுமாக றஸாக் படியேறினான். குரவை ஒலித்தது. இரு பக்கத்துச் சனமும் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தது.

பெட்டி அசையவில்லை.

றஸாக் கிட்டப் போனான். காதை வைத்துக் கேட்டான். பிளக்கைக் கழற்றி மாட்டினான். கதவைத் திறந்ததும் வெக்கைதான் வந்தது.

"நிண்டுதான் கிடக்கு" என்றான், முதன்முதலாக.

முனாபின் நெஞ்சு தன் கல்யாணத்தன்றுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து கெறண்டிக் காட்டையும் படிவத்தையும் பேனையையும் எடுத்தான்.

"கண்டீங்களா தம்பி?"

"கண்டன் காக்கா."

"அப்ப வைங்க கையெழுத்த."

"நாளைக்கி வச்சித் தாறன். நிக்காஹ் எழுத லெப்பை காத்துக்கிட்டு இரிக்காரு."

"நாளைக்கி கெறண்டி இல்ல. இன்னொண்டு, ஒம்பதாம் பிரிவு: வாங்கினவர்ட சொந்தக்காரன் வைக்கிற கையெழுத்துச் செல்லாது. நிக்காஹ் முடிஞ்ச நிமிசம் நீங்க எனக்கு சகலன். இப்ப நீங்க கம்பனி ஆள்."

றஸாக் யோசித்தான். அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை மறைந்து மெக்கானிக் வந்து உட்கார்ந்தான். "சரிதான் காக்கா. ஆனா கம்பனி ஆளெண்டா முறைப்படி பாக்கணும்" என்றவன், தன் தோழனைப் பார்த்து, "பையத் தாடா" என்றான். கல்யாணத்துக்கு வரும்போதும் கருவிப் பை வந்திருந்தது. மாலையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, பட்டுச் சாறனோடு பெட்டிக்குப் பின்னால் படுத்துவிட்டான்.

லெப்பை இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பதிவுப் புத்தகத்தை விரித்தவர் மூடினார். பந்தலுக்குள் சர்பத் சூடாகிக்கொண்டிருந்தது. போடியார் வந்து, "என்ன கூத்து இது? எழும்புங்க தம்பி!" என்று கத்தினார். சீலைக்குப் பின்னால், "றஸாக் மகன், சனம் சிரிக்கிது மகன்" என்று கெஞ்சல் கேட்டது.

"பொறுங்க மாமி" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் உங்கட மருமகனில்ல."

நாற்பது நிமிஷம் கழித்து முகமெல்லாம் தூசியோடு வெளியே வந்த றஸாக், "உள்ளுக்கு மோட்டரில பழுது. தயாரிப்பிலேயே பழுது" என்று அறிவித்தான். படிவத்தில் கண்டது கண்டபடி எழுதினான். முடிந்த திகதியைப் போட்டான். நேரம் எழுதினான்: பகல் பன்னிரண்டு ஐந்து. கையெழுத்து வைத்து, முனாபின் கையில் கொடுத்துவிட்டு, மாலையைத் தேடினான்.

முனாப் படிவத்தை வாங்கி, மண்டபத்தின் நடுவிலேயே நின்று வாசிக்கத் தொடங்கினான். லெப்பை போடியாரைப் பார்த்தார். போடியார் முனாபைப் பார்த்தார். இருநூறு சனமும் ஒரு தபால் கந்தோர்க் கிளாக் வாசித்து முடிக்கட்டும் என்று நின்றது. சீலை விலகியது. சல்மா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, நாலு வருஷத்தில் முதல் தரமாக நேரே அவனிடம் வந்தார்.

"முனாப் மகன்," என்றார் மெதுவாக. "இனி நிக்காஹ்வத் தொடங்கலாமா?"

முனாபுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுத்துக்கள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் வாசித்தான்.

"ஓம் மாமி," என்றான் பிறகு. "தொடங்கச் சொல்லுங்க."