கயிற்றை விடாதவன்

எசெக்ஸ் விமானத்தளத்தில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்ததும் வில்ஃப்ரெட் கார்சைடுக்கு ரத்தம் தலைக்கேறியது. மறுநாள் காலை ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மன் மண்ணில் இறங்கப்போகும் கிளைடர்களில் ஒன்றை ஓட்டப்போகிறவன் அவன். எஞ்சின் இல்லாத அந்த மர விமானத்தைக் கயிறு கட்டி இழுத்துப்போகும் டகோட்டாவின் விமானி ரூபர்ட் ஆஸ்க்வித் என்று பட்டியல் சொன்னது.

இருபது மாதமாக அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கறுவிக்கொண்டிருந்தான் வில்ஃப். சிசிலித் தீவில் இறங்கப்போன இரவில், கீழேயிருந்து பீரங்கிகள் சுடத் தொடங்கியதும், கரைக்கு மூன்று மைல் இருக்கும்போதே கயிற்றைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பறந்தவன் ஆஸ்க்வித். வில்ஃபின் கிளைடர் கடலில் விழுந்தது. பதினைந்து பேரில் ஒன்பது பேர் செத்தார்கள். கூட ஓட்டிய நெட் டாலி, மிதந்த இறக்கையைப் பற்றியபடி விடியும்வரை தாக்குப்பிடித்தான். மீட்புப் படகு கண்ணில் பட்ட நேரத்தில் அவன் விரல்கள் விட்டுப்போயின. வில்ஃப் எட்டி அவன் காலரைப் பிடிக்கப் பார்த்தான். கையில் வந்தது தண்ணீர்தான்.

பட்டியலைப் பார்த்த அன்று மாலையே வில்ஃப் டகோட்டா நின்ற இடத்துக்குப் போனான். ஆஸ்க்வித் தன் ஆட்கள் மூவரோடு டயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வில்ஃபை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சிசிலியில உங்க கயித்தோட மறுமுனையில இருந்தது நான்தான் சார்."

ஆஸ்க்வித்தின் முகம் வெளுத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. குண்டு சரமாரியாக வந்ததாகவும் தன் ஆட்களின் உயிருக்குத் தானே பொறுப்பு என்றும் சொன்னான்.

"நாளைக்கு எப்ப கழட்டணும்னு நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி கழட்டினீங்கன்னா, உயிரோட இருந்தா உங்களத் தேடி வருவேன்."

"மேலதிகாரிகிட்ட பேசற, சார்ஜென்ட்."

"தெரிஞ்சுதான் பேசறேன் சார்."

மறுநாள் பத்து மணிக்கு மேல் ரைன் தெரிந்தது. கீழே புகை மண்டிக் கிடந்தது. வில்ஃபின் முதுகுக்குப் பின்னால் இருபத்தெட்டுச் சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றைத் தாண்டியதும் டகோட்டாவின் இடது எஞ்சினில் குண்டு பாய்ந்து தீப்பிடித்தது. கயிற்றோடு ஓடிய தொலைபேசிக் கம்பியில் ஆஸ்க்வித்தின் குரல் கேட்டது. எஞ்சின் எரிகிறது, தீ உள்ளேயும் வந்துவிட்டது, இப்போதே கழற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

பக்கத்து இருக்கையில் கூட ஓட்டிய ஹாலம் இடப்புறம் கைகாட்டினான். அங்கே ஒரு நீள வயல் இருந்தது. குறித்த இடம் அது இல்லை. ஆனால் அந்த உயரத்திலிருந்து அதை எட்டிப் பிடித்துவிடலாம். வில்ஃபுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கயிற்றைக் கழற்றும் சிவப்புப் பிடி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"முடியாது சார். இன்னும் மூணு நிமிஷம் இழுங்க."

"எரியறது எங்க ஆளுங்க, வில்ஃப்" என்றான் ஹாலம்.

வில்ஃபின் உடம்பெல்லாம் ஒரு குரூரமான நிம்மதி பரவியது. ஆஸ்க்வித் நினைத்தால் தன் பக்கத்திலிருந்தே கயிற்றை அறுத்துவிட்டுப் போயிருக்கலாம். கரும்புகை கிளைடரின் கண்ணாடியை மூடியது. கயிறு மட்டும் தளராமல் நேராக நின்றது. மூன்று நிமிடம் கழித்து, குறித்த வயலின் தலைமேல், வில்ஃப் பிடியை இழுத்தான்.

இருபத்தெட்டுப் பேரும் சிராய்ப்போடு இறங்கினார்கள். டகோட்டா ஒரு மைல் தள்ளி வயிற்றால் மோதிக் கிடந்தது. மதியம் சண்டை ஓய்ந்ததும் வில்ஃப் அங்கே போனான். வானொலிக்காரரும் வழிகாட்டியும் கருகிப் போயிருந்தார்கள். துணை விமானி புல்லில் நினைவில்லாமல் கிடந்தான். ஆஸ்க்வித் ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தான். அவன் கைகளில் தோல் இல்லை.

"முன்னாடியே கழட்டியிருக்க முடியுமா?" என்று கேட்டான் ஆஸ்க்வித்.

பொய் சொல்லலாமா என்று வில்ஃப் யோசித்தான்.

"முடிஞ்சிருக்கும்."

ஆஸ்க்வித் கருகியவர்கள் கிடந்த பக்கம் திரும்பினான். "அந்த ரெண்டு பேரும் சிசிலியில எங்கூட வரல. அவங்க புதுசு" என்றான்.

வில்ஃப் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். ஆஸ்க்வித் மீதிருந்த வெறுப்பு அப்போதும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதில் பாதி இப்போது தன் பக்கமே திரும்பியிருந்தது. துணை விமானிக்குப் பின் ஆஸ்க்வித்துக்கும் ஸ்ட்ரெச்சர் வந்தது, தூக்க ஒரு ஆள் குறைந்தது. வில்ஃப் எழுந்து ஒரு முனையைப் பிடித்தான். மருத்துவக் கூடாரம்வரை இரண்டு மைல், பிடித்த முனையை அவன் விடவே இல்லை.