முகாம் மேடையில் சாமுவேல்

ஜெயம்மாளுக்கு வயிறு எரிந்தது. உத்திரமேரூர் பள்ளிக்கூட மைதானத்தில், பேச்சுக் குறைபாடு பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் விழா. காலையில் மெட்ராஸிலிருந்து வந்த பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா எல்லோரையும் பரிசோதித்து முடித்ததும் மேடைப் பேச்சு ஆரம்பித்தது. இன்னும் ஓயவில்லை. பேச்சு வராதவர்களெல்லாம் பந்தலுக்கு வெளியே வெயிலில் காய்ந்தார்கள். அவள் புருஷன் சாமுவேலும் அங்கேதான் இருந்தான்.

போன தை அறுப்பில் களத்துமேட்டில் பக்கவாதம் வந்து சுருண்டு விழுந்தவன். கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் கேட்டாலும் பீடி கேட்டாலும் "அத்து, அத்து" என்றுதான் வரும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வரதனின் கழனிக்கு மோட்டார் போட்டு நீர் பாய்ச்சியவன் அவன். "புத்தி கெட்டவன் கையில மோட்டாரக் குடுக்க முடியாது" என்று வரதன் அனுப்பிவிட்டார். அதோடு ஊரும் அவனைப் பைத்தியம் என்றே கூப்பிட ஆரம்பித்தது.

இன்று விழாத் தலைவர் அதே வரதன். பேச்சு வராதவர்களுக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. அதற்குச் சாமுவேலை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"நம்மகிட்ட வேலை செஞ்சவன்தான். பாவம், மூளை கலங்கிப் போச்சு" என்றார் வரதன் மைக்கில்.

டாக்டரம்மா எழுந்தாள். "இல்ல சார். நாம சொல்றது இவருக்கு நல்லாப் புரியுது. சொல்லு வாய்க்கு வர்றதுலதான் தடை. பழக்கினா கொஞ்சம் கொஞ்சமா வரும்."

ஜெயம்மாள் மேடையடிக்கே போய் நின்றாள். "கேட்டீங்களா? புத்தி நல்லா கீதாம். அப்ப இன்னாத்துக்கு வேலைய வுட்டு நிறுத்தினீங்க?"

"அத்த அப்பறம் பேசிக்கலாம்" என்று வரதன் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சால்வையை விரித்தார்.

சாமுவேல் அதைக் கையால் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது.

"தண்ணி வோணுமாம்" என்றான் ஒருத்தன்.

"யாரும் சொல்ல எடுத்துக் குடுக்காதீங்க. அவரே சொல்லட்டும்" என்றாள் டாக்டரம்மா.

"வா... வா... வாணாம்."

விழுந்த நாளிலிருந்து அவன் வாயில் வந்த முதல் சொல். மேடையடியில் நின்ற ஜெயம்மாளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. மேலே ஏறி அவன் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தாள்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. டாக்டரம்மா விழா அன்று சாயங்காலம் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து, சட்டி, உப்பு, நெருப்பு என்று ஒவ்வொன்றாய்க் காட்டிப் பழக்கினாள். மூன்று சொல்லுக்கு ஒன்று வந்தது.

ஆடியில், வருஷாவருஷம் போல அவளை நடவுக்குக் கூப்பிட வரதனின் மேஸ்திரி எல்லப்பன் வந்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பைத்தியக்காரன் பொண்டாட்டி வர மாட்டாளாம்னு போய்ச் சொல்லு. அவுரு கழனில இனிமே நான் கால் வைக்கறதா இல்ல."