எழுபத்தைந்து காட்டாத மீட்டர்

பதினோரு முட்டைகள். அக்காவின் கினிக்கோழிக் கூட்டத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

ஒரே மதியத்தில் இரண்டு தெருநாய்கள் புகுந்து கூண்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. ஆறு வருடம் குஞ்சிலிருந்து பெருக்கிய கூட்டம். புள்ளிச் சிறகுகள் வாசலெல்லாம் பறக்க, அக்கா முட்டைகளை மட்டும் துணி சுற்றிக் கூடையில் எடுத்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"டேய், உன்னால பொரிக்க வைக்க முடியுமா?"

"என்னக்கா கேள்வி இது? என்னை எதுக்கு மீட்டர்னு கூப்பிடுறாங்க?"

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவன். அளக்காமல் எதையும் நம்ப மாட்டான். டீயைக்கூட அளந்துதான் குடிப்பான் என்று பட்டறையில் கேலி.

பழைய தெர்மகோல் பெட்டி, ஒரு பல்பு, சின்ன விசிறி, மூடியில் கண்ணாடி, ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். அரை நாளில் இன்குபேட்டர் தயார். உள்ளே ஈரப்பத மீட்டர். ஐம்பது சதவீதம் காட்ட வேண்டும், குறைந்தால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினான். தினமும் ஊற்றினான்.

அக்கா சாயங்காலம் தவறாமல் வந்தாள். பதினெட்டாம் நாள், ஒரு முட்டையின் அகல முனையில் டார்ச்சை வைத்துப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"காத்து அறை சின்னதா இருக்குடா. இந்நேரம் மேல நல்லா காலியாத் தெரியணும். உள்ள தண்ணி வத்தவே இல்ல."

"மீட்டர் ஐம்பது காட்டுது, பாரு."

"கண்ணாடி வேர்த்திருக்கு, அதையும் பாரு. ரெண்டு நாளைக்குக் கிண்ணத்தை வெளிய எடுத்து வையேன்."

"அக்கா, நீ கோழி வளர்த்தவ. நான் மெஷினோட வளர்ந்தவன். என் வேலைல மூக்கை நுழைக்காத, சரியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

இருபத்தேழாம் நாள் காலை. பெட்டிக்குள்ளிருந்து 'கீச்'!

ஒரு முட்டையில் விரிசல். இன்னொன்றில் கடுகளவு துளை. போன் போன வேகத்தில் அக்கா ஓடி வந்தாள், கால்களில் ஜோடி மாறிய செருப்போடு. மூடியைத் தொடாமல் இருவரும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மத்தியானம் கீச் சத்தம் தேய்ந்தது. மறுநாள் நின்றே போனது.

இருபத்தொன்பதாம் நாள் உடைத்துப் பார்த்தான். முழுசாக வளர்ந்த குஞ்சுகள். சொதசொதவென்று ஊறி, மூச்சுவிட இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே மூழ்கிப் போயிருந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வந்தது.

"தினம் வந்து மூடியைத் திறந்து, டார்ச் அடிச்சு, கையால புரட்டி... ஒரு நாளாவது சும்மா விட்டியா? உன் முட்டையை நீயேதான் கெடுத்த!"

அக்கா கூடையில் கிடந்த துணியை நான்காக மடித்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவன் போன் செய்தபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஒரு வாரம் கழித்து, புது முட்டை கேட்டு ஒரு கினிக்கோழிப் பண்ணைக்காரரிடம் போனில் பேசினான். நடந்ததைக் கேட்டவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"மீட்டரை உப்பு வெச்சுப் பார்த்தீங்களா தம்பி?"

"உப்பா?"

பாட்டில் மூடியில் உப்பு, அது நனையும் அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர். அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவில் அடைத்து அரை நாள் விட வேண்டும். நனைந்த உப்போடு மூடிய டப்பாவுக்குள் ஈரப்பதம் எப்போதும் எழுபத்தைந்துதான்; சரியான மீட்டர் என்றால் அதைக் காட்டியாக வேண்டும்.

அவனுடையது ஐம்பத்திரண்டு காட்டியது.

உப்பை மாற்றிப் பார்த்தான். டப்பாவை மாற்றிப் பார்த்தான். ஐம்பத்திரண்டு.

ஐம்பது என்று நம்பி அவன் ஊற்றிய நாளெல்லாம் உள்ளே எழுபதுக்கு மேல் இருந்திருக்கிறது. ஊரார் ஃப்ரிட்ஜுக்கெல்லாம் இரண்டு தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவன், தன் மீட்டரை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. வேர்த்த கண்ணாடியைக் காட்டிச் சொன்னவள் வாயை அடைத்தான். கடைசியில் பழியையும் அவள் தலையில் போட்டான்.

மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... மீட்டர்தான் தப்பு. இருபத்துமூணு குறைச்சுக் காட்டியிருக்கு. நீ சொன்னதுதான் சரி."

"ம்."

"பண்ணைல முட்டை சொல்லி வெச்சிருக்கேன். நாலு நாள்ல வந்துடும்."

"வேணாம்டா. கம்பி வலை எதிர்வீட்டு முயலுக்குப் போகுது. கேட்டாங்க, சரின்னுட்டேன்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். "ஏதாவது திட்டேன்க்கா."

"திட்டினா உனக்கு லேசாயிடும்," என்றாள், ஆணியைப் பிடுங்கியபடி. "அந்த முனையைப் பிடி. சுருட்டணும்."

பிடித்தான்.