நாலாவது கிளாஸ்

கிட்ட வாருங்கள் என் செல்லங்களே, ஹீட்டர் பக்கமாக நெருங்கி இருங்கள். தென் லண்டனில், மிச்சம் என்கிற ஊரில் இருக்கிற யோகமலரின் கதையைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யோகமலரின் தம்பி கௌசிகனுக்கு இருந்த ஒரே சிநேகிதர் தர்மலிங்கம். இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். ஸ்கொட்லாந்துத் தீவொன்றில் விஸ்கி வடிக்கிற இடங்களை நடந்தே பார்ப்பதென்று நாலு பேருக்கு டிக்கெட் போட்டவர் அவர்தான். போட்ட கையோடு மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து கௌசிகன் அழவுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை. யோகமலர் அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்திருந்தாள். இவனும் அவர் பின்னாலேயே போய்விடுவானோ என்று அவள் பயந்தாள். கடற்காற்றுப் பட்டால் தேறுவான் என்று, கணவர் புவனேந்திரனோடு அவனையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். முதல்நாள் கரையில் தங்கி, காலைப் படகில் தீவில் இறங்கினார்கள்.

முதல் வடிசாலையில் நாலு டிக்கெட்டுக்கு நாலு கிளாஸ் வந்தது. கௌசிகன் ஒன்றை எடுத்து யாரும் இருக்காத வெறும் கதிரைக்கு முன்னால் வைத்தான்.

"அண்ணை, வந்து குடியுங்கோ."

யோகமலருக்குத் திக்கென்றது. எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததைப் படைத்துக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் கூப்பிட்டவரை அனுப்பவும் வேண்டும். படைத்ததைச் சந்தியில் கொண்டுபோய்க் கழித்துவிட்டு, திரும்பிப் பாராமல் வரவேண்டும். இவனோ அந்தக் கிளாஸைத் தானே எடுத்துக் குடித்துவிட்டான்.

"நல்ல ஆள் மச்சான் நீ! செத்தவன்ர பங்கையும் விடமாட்டாய்," என்று சிரித்தார் புவனேந்திரன்.

"இஞ்சருங்கோ, சிரிக்காதேங்கோ," என்றாள் யோகமலர்.

அடுத்த இடத்துக்குக் கடலோரப் பாதை. பனிப்புகார் இறங்கியிருந்தது. சேற்றுநிலத்தில் வெட்டிய மண்கட்டிகளை எரித்து விஸ்கித் தானியம் காயவைக்கிற புகை உடுப்பிலெல்லாம் ஏறி, சுடலைக்குப் போய்வந்தது மாதிரி மணத்தது. மூன்று பேரின் சப்பாத்துக் காலடிச் சத்தத்துக்குப் பின்னால், சற்றுப் பிந்தி, இன்னொரு சத்தம் சரளைக்கல்லில் கேட்டது. இவர்கள் நின்றால் அதுவும் நின்றது.

இரண்டாவது இடத்திலும் கௌசிகன் கிளாஸ் வைத்தான், கூப்பிட்டான், குடித்தான். அத்தனை நாளும் காணாத சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. யோகமலரைப் பயப்படுத்தியது அந்தச் சிரிப்புத்தான்.

மூன்றாவது இடத்துக்கு அவர்களிடம் டிக்கெட்டே இல்லை; வழியில் கண்டு நுழைந்ததுதான். அங்கே நின்ற வெள்ளைக்காரப் பெட்டை இவர்களைக் கண்டதும் கேளாமலே நாலு கிளாஸில் ஊற்றினாள். வெளியில் நிற்கிற உங்கள் ஆள் உள்ளே வரமாட்டாரோ என்று கேட்டாள்.

புவனேந்திரனின் சிரிப்பு அடங்கியது.

கௌசிகன் கை நீட்டுமுன் யோகமலர் நாலாவது கிளாஸைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். படகுத்துறைக்குப் பிரிகிற சந்தியில் கவிழ்த்து ஊற்றினாள்.

"அண்ணை, குடிச்சது காணும், போதும். எங்கட பெடியனை விட்டிட்டுப் போங்கோ."

பின்னால் வந்த தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தாள். "திரும்பிப் பாராதை. என்ர அப்பன், திரும்பிப் பாராதை."

நடந்தார்கள். படகு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவன் கை நழுவியது. கௌசிகன் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா தெரியுது?"

"ஒண்டுமில்லை அக்கா. வெறும் றோட்டு."

ஆனால் அதற்குப் பிறகு, பக்கத்தில் ஒருவருக்கு இடம்விட்டே அவன் நடந்தான். படகிலும் ரயிலிலும் ட்ராமிலும் தன் பக்கத்து ஜன்னலோரச் சீட்டில் யாரையும் இருக்கவிடவில்லை. மிச்சத்து வீட்டுக்குள் நுழைந்ததும் யோகமலர் கதவைச் சாத்தப்போனாள்.

"கொஞ்சம் பொறு அக்கா," என்றான் மெதுவாக. "அண்ணை சப்பாத்துக் கழட்டுறார்."

செல்லங்களே, உங்கள் வீட்டிலிருந்து பயணம் போனவர்கள் எல்லோரும் சுகமாகத் திரும்பி வரட்டும். உங்கள் வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து ஒரு சோடி குறையாமலும், ஒரு சோடி கூடாமலும் இருக்கட்டும்.