கில்ஷானன் மதில்

சர் ரெட்மண்ட் கில்ஷானன் லண்டன் நாடாளுமன்றத்தில் முதன்முறை எழுந்து பேசிய செவ்வாய்க்கிழமை, கடலுக்கு அப்பால் கால்வே கிராமப்புறத்தில் அவருடைய பண்ணையைச் சுற்றியிருந்த கல் மதில் இருநூறு அடி உள்ளே நகர்ந்தது. உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்து ஐந்தாவது வருடம் அது. பசுவை அவிழ்க்கப் போன குத்தகைக்காரன் ஃபெஸ்டஸ் மேனியன், தன் குடிசையும் உருளைக்கிழங்குப் பாத்தியும் மதிலுக்கு வெளியே கிடப்பதைக் கண்டான். கற்களின் மேலிருந்த பாசிகூடக் கலையவில்லை. மதிலுக்கு வெளியே இருப்பது பண்ணைக்குச் சொந்தமில்லை, மிக அருகில் குடியிருப்பவனுக்கே சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். குத்தகை கேட்க வந்த மேலாளர் மதிலைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.

சர் ரெட்மண்டின் தந்தை பஞ்சத்தின்போது பதினொரு குடும்பங்களைக் கூரையைப் பிரித்து விரட்டியவர். மகனுக்குச் சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கவே நாக்குத் திக்கும். ஆனால் அன்று சபையில் அந்தப் பதினொரு குடும்பங்களின் பெயர்களையும், குழந்தைகளின் பெயர்கள் உட்பட, ஓரிடத்திலும் திக்காமல் சொன்னார். அதன் பிறகு குடியானவர்களுக்காக அவர் பேசும்போதெல்லாம் மதில் நகர்ந்தது. ஃபெஸ்டஸ் முடிச்சுக் கயிற்றால் அளந்து வந்தான். கேள்வி கேட்டால் ஒரு முழம், ஒரு மணி நேரம் பேசினால் ஒரு வயல். ரயில்பாதையைப் பற்றி அவர் இரண்டு மணி நேரம் பேசியதற்கு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. லண்டன் செய்தித்தாள் வந்துசேர நாளாகும். ஊர் மதிலைப் பார்த்தே சபைச் செய்தியைத் தெரிந்துகொண்டது. சர் ரெட்மண்டுக்கும் எல்லாம் தெரியும். ஊருக்கு வரும்போது மதில் புதிதாக நிற்கும் இடத்தில் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு ஏறிக் கடப்பார்.

பதினான்கு வருடங்களில் மதில் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே அவருடைய தங்கை ஹொனோரியா, எழுந்து நடக்க முடியாதவள், பிறந்த அறையிலேயே படுத்திருந்தாள். அந்த வருடம் தேர்தலும் வந்தது.

"அவர் இன்னொரு வாட்டி வாயைத் தொறந்தா அந்தம்மா கட்டிலோட ரோட்டுல கிடப்பாங்க," என்றான் ஃபெஸ்டஸ், அடுப்பில் எரிக்கச் சதுப்பில் கரிமண் வெட்டிக்கொண்டே.

"அதுக்கு? வாயைத் தைக்கவா சொல்ற?" என்றாள் பக்கத்து வயல்காரி நோரா ஃபாஹி.

"லண்டனுக்கு அனுப்பாம இருந்தாப் போதும்."

"அவர் வண்டியிலயே ஏறிப் போய் அவருக்கு எதிராச் சொல்லப் போறீங்க. நல்லாத்தான் இருக்குய்யா உங்க விசுவாசம்."

அப்போதெல்லாம் வாக்கை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். பண்ணையார்கள் தங்கள் ஆட்களை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். சர் ரெட்மண்டும் அனுப்பினார், உங்கள் இஷ்டப்படி சொல்லுங்கள் என்ற செய்தியோடு. மேடையில் அவர் நின்றிருக்க, எழுத்தர் யாருக்கு என்று கேட்டார். ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றினான்.

"கர்னல் ஸ்டாண்டிஷ்," என்றான்.

அவனுக்குப் பின்னால் வந்த அறுபத்தொரு பேரும் அதையே சொன்னார்கள். எதிர்த்து நின்ற, ஒரு குடியானவனின் பெயரும் தெரியாத கர்னல் வென்றார்.

தோற்றவரும் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். சர் ரெட்மண்ட் முன்னே வந்தார். "எங்கப்பா காலத்துல பண்ணையார் சொன்ன பேரை விட்டுட்டு வேற பேரைச் சொன்னவனுக்குக் கூரை மிஞ்சாது. இன்னிக்கு அறுபத்திரண்டு பேர் என் கண்ணு முன்னாலயே வேற பேரைச் சொன்னாங்க. நாளைக்கு அவங்க வீட்டுல வழக்கம்போல அடுப்பு எரியும். இதுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் பேசினேன்."

எங்கும் திக்கவில்லை. ஃபெஸ்டஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவர் எந்த ஊரில் நின்று பேசுகிறார் என்பது மதிலுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது மதில் வீட்டைக் கடந்து போயிருந்தது. வீட்டுச் சுவர் எதிலும் விரிசல் விழவில்லை. ஹொனோரியாவின் தேநீர் மட்டும் தளும்பியதாம். வீட்டின் பின்புறம், புல்வெளியில், ஏழடி நீளமும் மூன்றடி அகலமுமான இடத்தைச் சுற்றி அது நின்றிருந்தது.

"என் உயரத்துக்குச் சரியாத்தான் இருக்கு," என்றார் சர் ரெட்மண்ட். பிறகு சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஃபெஸ்டஸிடம் நீட்டினார். அந்த வீட்டுக்கு மிக அருகில் குடியிருந்தவன் அவன்தான்.

ஃபெஸ்டஸ் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். திருப்பிக் கொடுத்தான்.

"உள்ள போங்கய்யா. குடியிருக்கிறவங்களை வெளியேத்தக் கூடாதுன்னு நீங்கதானே பேசுனீங்க."

சர் ரெட்மண்ட் அந்த வீட்டில் ஃபெஸ்டஸின் குடியானவராகப் பத்தொன்பது வருடங்கள் இருந்தார். தங்கையை அவள் பிறந்த அறையிலிருந்தே வழியனுப்பினார். அவர் இறந்தபோது புதைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மதில் அதற்குப் பிறகு நகரவில்லை. ஆடுகள் அதைச் சுற்றிப் போகின்றன.