கதவடியில் ஒரு துண்டு

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவனுக்குத் தெருவில் 'பொறுப்பு' என்று பெயர். எதைச் சொன்னாலும் "என் பொறுப்புக்கா, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர். ஏழெட்டு வீட்டுச் சாவிகள் இடுப்பில் தொங்கும். சாவிச் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான், வேலை மட்டும் வரவே வராது. இது தெருவுக்கே தெரியும். வீட்டுக்காரிக்குத்தான் தெரியாது.

வீட்டுக்காரி வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். கணவர் காலமாகிப் பல வருஷம். ஒரே மகள். கட்டடக் கலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எத்தனையோ பேர் பிள்ளைகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியவள், தன் பிள்ளை கட்டிலருகே ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருக்கவும் முடியவில்லை, விற்கவும் மனசு வரவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு, மகளின் அறையை மட்டும் பூட்டிவிட்டு, மற்றதை வாடகைக்கு விட்டாள்.

பூட்டிய அறையில், மேசைமேல், மகள் அட்டையில் செய்த வீடு இருந்தது. இதே வீடுதான். ஆனால் மாடி எடுத்த வீடு. மாடியில் ஒரு பால்கனி. அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு மர நாற்காலிகள். நீலம் அம்மாவுக்கு, மஞ்சள் மகளுக்கு.

"நீ ரிட்டயர் ஆனதும் இங்கதான் உக்காரணும். நான் காப்பி போட்டு எடுத்துட்டு வருவேன்."

"உன் காப்பியையா? அதுக்கு நான் மறுபடியும் டூட்டிக்கே போயிடுவேன்டி."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு சரியாக இரண்டு மாதத்தில் அந்தக் காய்ச்சல்.

அறைச் சாவியில் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பொறுப்பிடம் கொடுத்தாள். "தண்ணி கிண்ணி ஒழுகினா மட்டும் திறக்கணும் தம்பி. அதுவும் எனக்குச் சொல்லிட்டுத்தான்." அவன் நெஞ்சில் கை வைத்து "என் பொறுப்புக்கா" என்றான். மாதம் முதல் தேதி அந்தக் கதவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். மூடிய கதவே போதும், பார்த்தால் நிம்மதி. உடம்பு நோகாத வேலை என்பதால் அதை மட்டும் அவன் தவறவிட்டதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து வந்த போட்டோவில், கதவடியில் ஒரு பழைய துண்டு சுருட்டி வைத்திருந்தது. போன் போட்டுக் கேட்டாள்.

"அது என்ன தம்பி, கதவுக்குக் கீழே?"

அவன் ஒரு நொடிதான் தயங்கினான். "தூசி போகக் கூடாதுல்லக்கா. பாப்பா சாமானாச்சே. நான்தான் வச்சேன்."

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அழுதாள். யாரோ பெற்ற பிள்ளைமேல் இவ்வளவு அக்கறையா! மறுநாளே கடைக்குப் போய் நல்ல நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று எடுத்து அனுப்பினாள். அடுத்த மாதம் சிவப்புத் துண்டு, அதற்கடுத்த மாதம் பச்சைத் துண்டு. துவைத்து மாற்றுகிறான் போலிருக்கிறது என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். இப்படி ஏழு மாதம்.

எட்டாவது மாதம் வார்டு போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவள் வீட்டில் குடியிருக்கும் பெண். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "உங்க நம்பரை வீட்டைப் பாத்துக்கிறவர் தர மாட்டேன்னுட்டார்மா. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் தெரியும். வார்டு வார்டா கேட்டுப் பிடிச்சேன். ஒரு தடவை வந்து அந்த ரூமைப் பாத்துட்டுப் போங்கம்மா."

அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே நாற்றம் சொல்லிவிட்டது. நர்ஸ் மூக்கு அது. கூடத்துச் சுவரில் புது வெள்ளை, அதற்கு மேலும் ஈரம் படர்ந்திருந்தது. கதவடியில் இன்றைக்கு மஞ்சள் துண்டு. குனிந்து தொட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மொட்டை மாடி டேங்க்லேருந்து வர்ற பைப்பு விரிசல் விட்டுருச்சும்மா. எல்லாத் தண்ணியும் இந்த ரூம் மேலதான். அவர் வந்து டேப் சுத்துவார், நாலு நாள் நிக்கும், மறுபடி ஒழுகும். கதவைத் திறங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். நீங்க திறக்கவே கூடாதுன்னு சொல்லிட்டதா சொன்னார். கூடத்துக்குத் தண்ணி வராம இருக்க நான் துண்டு போட்டேன். தினமும் காலையில பிழிஞ்சு போடுவேன்."

"துண்டு நீயா போட்ட?"

"ஆமாம்மா. வேற யாரு?"

ஏழு மாதம். மாதா மாதம் அந்தத் துண்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாளே! கட்டைப் பிரித்துப் பார்க்காமல் காயம் ஆறிவிட்டது என்று எழுதிய பயிற்சி நர்ஸுகளை எத்தனை பேரை வறுத்தெடுத்திருக்கிறாள். தன் பிள்ளையின் அறையை மட்டும் கட்டு மேலிருந்தே பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு ஊறி உப்பியிருந்தது. பூட்டைத் திறந்து இரண்டு பெண்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மெத்தை கறுத்துக் கிடந்தது. அலமாரியின் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பூத்திருந்தன. மேசைமேல் வீடு இல்லை. பழுப்பு நிறக் கூழ் ஒன்று குவிந்து, மேசை விளிம்பிலிருந்து தரைக்கு வழிந்திருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்தில் போய், குளிர்ந்துபோன நெற்றியைத் தொடுவதுபோல் அதைத் தொட்டாள்.

அப்போது வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. பொறுப்பு வந்து நின்றான். அவள் அனுப்பிய நீலக் கட்டச் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

"ஏன் தம்பி திறக்கல?"

"அக்கா, நீங்கதானே..."

"தண்ணி ஒழுகினா திறன்னு சொன்னேன். ஏன் திறக்கல?"

அவன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டான். "இந்த ரூம் சாவி தொலைஞ்சு போச்சுக்கா. மொத வருஷமே. சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவீங்களோன்னு... அட்டையும் பேப்பரும்தானேக்கா, நனைஞ்சா என்ன ஆயிடப்போகுதுன்னு..."

யாரைத் திட்ட? ஒரு பூட்டை உடைக்கப் பயந்தவனையா, மூடிய கதவைப் பார்த்தே இரண்டு வருஷம் ஒப்பேற்றிய தன்னையா? "சாவியை வச்சுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். தன் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மற்றவற்றோடு அவன் போனான். இன்னும் ஆறேழு வீடு இருக்கிறதே அவனுக்கு.

மருந்துக்கடைப் பெண் உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பா கொண்டுவந்தாள். "ஒரு நாள் துண்டைப் பிழியும்போது இது வந்துச்சும்மா. தண்ணியோட கதவுக்கு அடியில மிதந்து வந்திருக்கும் போல. ஏதோ குழந்தை விளையாட்டுச் சாமான்னு எடுத்து வச்சேன்."

பஞ்சு வைத்து, அதன்மேல் ஒரு நாற்காலி. கட்டைவிரல் நகம் அளவு.

"இன்னொண்ணு?"

"ஒண்ணுதாம்மா வந்துச்சு."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கூழைப் பிடி பிடியாக எடுத்து விரலால் தடவினாள். அந்தப் பெண்ணும் உட்கார்ந்து தேடினாள். மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது. சுவர் கிடைத்தது, படிக்கட்டில் பாதி கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை.

கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். இருந்த ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயிண்ட் முழுக்கக் கரைந்து வெறும் மரம் தெரிந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஓர் இடுக்கிலாவது துளி நிறம் இருக்காதா?

"இது நீலமா மஞ்சளா, கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்று நீட்டினாள். "என்னோடதா, அவளோடதான்னு தெரியல."

அந்தப் பெண் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.