அயனம்பாக்கத்து அருவி

தாட்சாயிணிக்குப் புதுசாகக் கல்யாணம். புருஷன் குணசேகரன் தென்காசிக்காரர். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியாருக்கு விடிந்தால் அடைந்தால் குற்றாலப் பெருமைதான். "உங்க அயனம்பாக்கத்துல என்னம்மா கெடக்கு? ஏரியும் கொசுவும்தானே!" என்று ஒருநாள் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பிறந்த வீட்டுக்கு வந்தவள் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அண்ணன் கன்னியப்பன் கைலியை மடித்துக் கட்டினான்.

"எந்திரி. நம்மூரு அருவியக் காட்றேன்."

ஏரிக்கரைமேல் நடந்தார்கள். சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் 'சோ'வென்று சத்தம் கேட்டதும் அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கிட்டே போனால், கலங்கல்! ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கல்சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது? என் இடுப்பு ஒசரம்கூட இல்ல!"

"நின்னுகினு பாத்தா அப்டித்தான் தெரியும். குந்திப் பாரு, தலைக்கு மேல கொட்டும்."

சொன்னவன் தானே போய்க் குந்தினான். தண்ணீர் முதுகில் மத்தளம் கொட்டியது. "ஆகா!" என்று கையைத் தூக்கினான், கைலி கழன்று வாய்க்காலோடு போயே போய்விட்டது. மிச்சம், பின்பக்கம் கிழிந்த பட்டாபட்டி டிராயர்தான்.

தாட்சாயிணி சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, காட்டாமணக்குப் புதரில் சிக்கிய கைலியைப் பிடித்தாள். உள்ளே ஏதோ துள்ளியது. முழங்கை நீள விரால்!

"குடு தாட்சா!"

"இது அருவி இல்ல, கலங்கல்னு சொல்லு."

"மாட்டேன்!"

அதற்குள் கரையில் புல்லுக்கட்டோடு நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். கன்னியப்பன் கழுத்துவரை தண்ணீருக்குள் ஒடுங்கினான். "கலங்கல்தான், தாயே! கைலியக் குடு!"

"உங்கண்ணன் அங்க இன்னாம்மா பண்றாரு?" என்றாள் ஒருத்தி.

"அருவில குளிச்சிகினு கீறாரு, அக்கா" என்றாள் தாட்சாயிணி, முகம் மாறாமல். அவர்கள் போனதும் கைலியை வீசினாள். மீனை மட்டும் கொடுக்கவில்லை.

அன்றைக்கே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். எங்கள் ஊர் அருவியில் கிடைத்த மீன் என்றாள். மாமியார் முள்ளை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டார்:

"அந்த அருவி எந்தப் பக்கம்மா கெடக்கு?"